கோயில் வானொலிக்கு ஒரு பொறுப்பாளர்

கமலநாதன் என்றால் கிள்ளானில் ஒரு சிலருக்குத்தான் தெரியும். 'பெர்மிட் கமலநாதன்' என்றால் அவர் குடியிருக்கும் தாமான் முழுக்கத் தெரியும். துறைமுகத்துப் பக்கம் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. ஒல்லியான ஆள், கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி, அக்குளில் எந்நேரமும் ஒரு நீலக் கோப்பு. கல்யாண மண்டபத்தில்கூட அந்தக் கோப்புக்கு ஒரு நாற்காலி பிடித்து வைத்துவிட்டுத்தான் இலையில் கை வைப்பார். வீட்டு வாசலில் பந்தல் போட வேண்டுமா, கடைக்குப் பெயர்ப்பலகை மாட்ட வேண்டுமா, அவரிடம்தான் வந்து நிற்பார்கள். எந்த அலுவலகத்தில் எந்த முகப்பில் கொடுக்க வேண்டும், எந்த விண்ணப்பப் போராங்கில் எந்தக் கட்டத்தை விட்டுவிட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்பதெல்லாம் மனிதருக்கு அத்துப்படி.

இதில் அவருக்குப் பெருமை உண்டு. கொஞ்சநஞ்சப் பெருமை இல்லை. "நான் போட்ட போராங் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்லை" என்று சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். பிள்ளை டாக்டருக்குப் படிப்பதைச் சொல்லும் தகப்பன்கூட அவ்வளவு நெஞ்சை நிமிர்த்த மாட்டான்.

தாமான் மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் தீமிதி. கோயிலுக்குப் போகும் சாலையோ குறுகல். திருவிழா நாட்களில் கார்கள் நகராமல் நிற்கும். அடுக்குமாடியில் இருக்கும் வயதானவர்களால் இறங்கி வர முடியாது. அதனால் சில ஆண்டுகளுக்கு முன் கோயில் தலைவர் ரெங்கசாமி ஒரு யோசனை சொன்னார். திருவிழா நாட்களுக்கு மட்டும் சின்னதாக ஒரு கோயில் வானொலி. பூசையையும் பாட்டையும் காரில் இருந்தே கேட்கலாம், வீட்டில் இருந்தும் கேட்கலாம். கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். அனுமதி வாங்கும் வேலை யார் தலையில் விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காற்றில் அலையை அனுப்புகிற எந்தக் கருவியையும் அரசாங்கம் சும்மா விடுவதில்லை. விடவும் கூடாது. தற்காலிக அனுமதிக்கே ஒரு கட்டுப் போராங். கருவியைச் சோதனைக்கூடத்தில் காட்டிச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். அதற்கு அடையாளமாக எண் போட்ட ஒரு லேபிள் கருவியின் முதுகில் ஒட்டியிருக்க வேண்டும், அதைப் படம் பிடித்து வைக்க வேண்டும். ஆண்டெனா எவ்வளவு உயரம், அதைச் சுற்றி வேலி உண்டா, ஆட்கள் கிட்டே போகாமல் எச்சரிக்கைப் பலகை உண்டா என்று பாதுகாப்புப் பகுதி தனியாக ஒன்று. கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்: கருவிக்குப் பொறுப்பாளர். ஒலிபரப்பு நடக்கும்வரை அந்த ஆள் இடத்தைவிட்டு நகரக்கூடாது. ஏதாவது தப்பு நடந்தால் கேள்வி அவரிடம்தான் வரும்.

அந்தக் கட்டத்தில் எல்லா ஆண்டும் கமலநாதன் தன் பெயரைத்தான் எழுதினார்.

இந்த ஆண்டு மழைக்காலத்தில் கோயில் அலுவலக அறையில் இடி இறங்கி, பழைய டிரான்ஸ்மிட்டர் கருகிப் போயிற்று. ரெங்கசாமி யாரையும் கேட்காமல் இணையத்தில் புதுசு ஒன்றைத் தருவித்துவிட்டார். பெட்டி பளபளவென்று இருந்தது. சான்றிதழ்தான் இல்லை. லேபிளும் இல்லை. அழைப்பிதழ் வேறு அச்சாகி, அதில் 'நேரடி ஒலிபரப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டு, பாதி வீடுகளுக்குக் கொடுத்தாகிவிட்டது.

"சோதனைக்கூடத்துக்கு அனுப்பணும் தலைவரே, நாளாகும்" என்றார் கமலநாதன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது லா கமலநாதா. நீ இருக்கிறப்போ எனக்கென்ன கவலை?" என்று ரெங்கசாமி அவர் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. போராங் திரும்பி வராத மனிதர் அல்லவா!

கமலநாதனின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கிடங்கில் அட்டைப்பெட்டி கிழிந்துவிட்டால், சரக்கை வேறு பெட்டிக்கு மாற்றி, பழைய பெட்டியின் லேபிளைச் சூடு காட்டி நோகாமல் உரித்துப் புதுப்பெட்டியில் ஒட்டுவார்கள். உள்ளே அதே சரக்கு என்பதால் அதில் தப்பில்லை. அந்தக் கைப்பழக்கம் அவரை இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மனைவி சீதாலெட்சுமியின் ஹேர் டிரையரை எடுத்து வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கருகிப்போன கருவியின் லேபிளுக்குச் சூடு காட்டினார். ஓரம் மடங்காமல் வந்தது. புதுக் கருவியின் முதுகில் ஒட்டிக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"என்னங்க, அதை வெச்சு என்ன பண்றீங்க?" என்றாள் சீதாலெட்சுமி, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து.

"கோயில் வேலை" என்றார்.

கடைசிப் பக்கத்துக் கட்டத்துக்கு வந்தபோதுதான் பேனா நின்றது. அவர் சட்டைப்பையில் துறைமுகத்துக்குள் போய்வரும் கஸ்டம்ஸ் பாஸ் இருந்தது. அது இருந்தால்தான் வேலை. அரசாங்க விசாரணை ஒன்றில் பேர் அடிபட்டால் முதலில் போவது அந்த பாஸ்தான் என்பது யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். தன் பெயரின் முதல் எழுத்தைக்கூட அவர் எழுதவில்லை. யோசித்தார். மச்சான் நினைவுக்கு வந்தான்.

சீதாலெட்சுமியின் தம்பி ஜீவன் செலாயாங் மொத்தப் பாசாரில் காய்கறி லோரி ஓட்டுகிறவன். படிப்பு ஏறவில்லை. வாலிபத்தில் ஒரு சண்டையில் சிக்கி ஒரு ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் இருந்ததை, வயது நாற்பதைத் தொட்ட பிறகும் சொந்தக்காரர்கள் மறக்கவில்லை. கோயிலில் அண்டா தூக்க, பந்தல்கால் நட, குப்பை அள்ள ஜீவன் வேண்டும். கூட்டத்தில் உட்கார வேண்டாம். அவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, அல்லது எடுத்துக்கொண்டதாகக் காட்டியதில்லை.

கமலநாதன் அவனை ஒரு டீக்கடைக்கு வரச்சொல்லி, தே தாரிக் வாங்கிக் கொடுத்து, கோப்பைத் திறந்தார்.

"ஜீவா, கோயில் வானொலிக்கு இந்த வருசம் நீதான்டா பொறுப்பாளர்."

"நானா? என்ன மாமா விளையாடுறீங்களா? எனக்கு என்ன தெரியும்?"

"தெரிய என்ன இருக்கு? நம்பிக்கையான ஆள் வேணும். உன்னைவிட்டா எனக்கு யாரு?"

இதைச் சொல்லும்போது கமலநாதனின் கண் டீக்கோப்பையில் இருந்தது. ஜீவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினான். ஒரு வரி படிக்கவில்லை. எழுத்து கோணிவிடக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். பிறகு அந்தக் கட்டத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

"எதுக்குடா?"

"வீட்டுல காட்டத்தான் மாமா. என் பேரு இந்த மாதிரி ஒரு பேப்பர்ல வந்ததே இல்ல."

அப்போதாவது போராங்கைக் கிழித்திருக்க வேண்டும். கமலநாதன் கோப்பை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார்.

போராங் வழக்கம்போலத் திரும்பி வரவில்லை. அனுமதி கிடைத்தது.

ஜீவன் செய்த கூத்தைக் கேளுங்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்குப் போய், மஞ்சள் டீசட்டை ஒன்றின் முதுகில் 'வானொலிப் பொறுப்பாளர்' என்று சிவப்பில் அடித்து, கீழே தன் பெயரையும் போட்டுக்கொண்டு வந்தான். ஆண்டெனாவைச் சுற்றி மூங்கில் நட்டு வேலி கட்டினான். தமிழிலும் மலாயிலும் எச்சரிக்கைப் பலகை எழுதி நாலு பக்கமும் மாட்டினான். வேலியோரம் விளையாட வந்த பிள்ளைகளை மிட்டாய் கொடுத்து விரட்டினான். சாப்பாட்டுப் பந்திக்குக்கூட நகரவில்லை. யாராவது சோற்றைத் தாப்பாவ் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தால் உண்டு.

இன்னொன்றும் செய்தான். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அவன் தீ மிதிக்காமல் இருந்ததில்லை. இந்த ஆண்டு காப்புக் கட்டவில்லை.

"ஏன்டா?" என்று கேட்டார் கமலநாதன்.

"பொறுப்பாளர் இடத்தைவிட்டு நகரக்கூடாதுன்னு போட்டிருக்காம்ல? நீங்கதானே மாமா சொன்னீங்க. ஆத்தாகிட்ட சொல்லிட்டேன், அடுத்த வருசம் சேர்த்து மிதிக்கிறேன்னு."

கமலநாதன் "சரி சரி" என்று சொல்லிவிட்டு அப்பால் போனார்.

தீமிதிக்கு முந்திய நாள் மத்தியானம் ஒரு வெள்ளை வேன் வந்து கோயில் வாசலில் நின்றது. அனுமதி கொடுத்த அலுவலகத்திலிருந்து வந்திருந்தார்கள். முன்னால் இறங்கியவள் விஷ்ணுப்ரியா என்ற இளம் பொறியாளர். கையில் அலை அளக்கும் கருவி. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினாள்.

விஷயம் இதுதான். புதுக் கருவி மட்டமானது. கொடுத்த அலைவரிசையோடு நிற்காமல் பக்கத்துத் தடங்களிலும் சிந்திக்கொண்டிருந்தது. விமானத்தை இறக்க வந்த ஒரு விமானிக்குத் தரையிலிருந்து வரவேண்டிய பேச்சுக்கு நடுவே நாதஸ்வரம் கேட்டிருக்கிறது. கேட்டவர்களில் சிலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விஷ்ணுப்ரியா சிரிக்கவில்லை.

"அந்த நேரத்துல அவங்களுக்கு ஒரு வார்த்தை தப்பாக் கேட்டாகூட என்ன ஆகும் தெரியுமா?" என்றாள். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

கருவியைத் திருப்பி லேபிளைப் பார்த்தாள். தன் கைப்பேசியில் எதையோ பார்த்தாள். மறுபடி லேபிளைப் பார்த்தாள். நகத்தால் ஓரத்தைத் தட்டினாள்.

"இது வேற செட்டோட லேபிள். யாரு இதை ஒட்டுனது?"

கமலநாதன் கோப்போடு அங்கேயேதான் நின்றார். ஜீவன் அவரைப் பார்த்தான். அவர் கோப்பைப் பார்த்தார்.

"நான்தான் மேடம்" என்றான் ஜீவன். "பொறுப்பாளர் நான். முதுகுல போட்டிருக்கு பாருங்க."

திரும்பி நின்று காட்டவும் செய்தான்.

கருவியை அணைத்தார்கள். சாலையில் நின்ற கார்களில் பாட்டு நின்றது. என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு தலையாக ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தது. கருவியைப் பையில் போட்டு முத்திரையிட்டு எடுத்துக்கொண்டு, விசாரணைக்கு வரச்சொல்லிப் பொறுப்பாளரிடம் ஒரு கடிதம் கொடுத்தார்கள். போகும்போது விஷ்ணுப்ரியா வேலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வேன் திரும்பியதுதான் தாமதம், ரெங்கசாமி ஜீவனைப் பிடித்துக்கொண்டார். "இவன்கிட்ட யாருய்யா குடுக்கச் சொன்னது? அண்டா தூக்குறவனுக்கு ரேடியோவா? கோயில் மானமே போச்சு!" கூட்டத்தின் நடுவில் வைத்துக் கேட்டார். ஜீவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கமலநாதன் தொண்டையைக் கனைத்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. கனைத்த அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் கூசுகிறது.

வீட்டில் சீதாலெட்சுமி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. விசாரணைக்குப் போகும் நாள் காலையில் அவர் குளித்துவிட்டு வந்து பார்த்தால், சாப்பாட்டு மேசையில் நீலக் கோப்பும் அதன் பக்கத்தில் ஹேர் டிரையரும் இருந்தன.

"இது எதுக்கு இங்க?" என்றார்.

"கோயில் வேலைக்குத் தேவைப்படுமோன்னு வெச்சேன்" என்றாள். "அவன் என் தம்பிங்க."

பெட்டாலிங் ஜெயாவுக்குப் போகும் வழியெல்லாம் நெரிசல். ஜீவன் சலவைச் சட்டை போட்டு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, உள்ளே நீங்க வாயத் திறக்க வேணாம். ஸ்டிக்கரை நீங்க ஒட்டினீங்கன்னு எனக்குத் தெரியும். அவசரத்துல செஞ்சிட்டீங்க. எனக்கென்ன, பாஸா போகப்போகுது? லோரிதானே. ஓட்டிக்குவேன் லா."

"அதுக்காக நீ ஏன்டா…"

"அத்தனை பேர் இருக்கிறப்போ என்னை நம்பிக் குடுத்தீங்கல்ல? இதுகூடச் செய்யலேன்னா அப்புறம் நான் என்ன பொறுப்பாளர்?"

கார் ஓட்டிக்கொண்டிருந்த கமலநாதன் தன் முகம் கண்ணாடியில் தெரிந்துவிடக்கூடாது என்று அதைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டார்.

அலுவலகத்தில் விஷ்ணுப்ரியா எதிரே உட்கார்ந்து வாக்குமூலம் எழுதத் தொடங்கினாள். பெயர், அடையாள அட்டை எண், வேலை. "லேபிளை எப்படி உரிச்சீங்க, அண்ணே?" என்று ஜீவனைக் கேட்டாள்.

ஜீவன் விழித்தான். இதை யோசித்து வைத்திருக்கவில்லை. "கையாலதான்…" என்றான்.

"கையால உரிச்சா கிழிஞ்சிடும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க அதை."

ஜீவன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான், அவை ஏதாவது சொல்லிக் கொடுக்குமா என்பதுபோல. பொய் சொல்லத் தெரியாத ஒருவன் தனக்காகப் பொய் தேடித் தவிப்பதைப் பார்க்கக் கமலநாதனால் முடியவில்லை.

"நான்தான்மா ஒட்டினேன்" என்றார். "ஹேர் டிரையர்ல சூடு காட்டி உரிச்சேன். போராங்கும் நான்தான் எழுதினேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

ஜீவன் "மாமா" என்றான். விஷ்ணுப்ரியா பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். திட்டினாலும் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு. அவள் திட்டவில்லை. போராங்கைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தில் விரல் வைத்தாள்.

"முந்தின வருசங்கள்ல எல்லாம் இதுல உங்க பேருதான் இருக்கு, அங்கிள். இந்த வருசம் மட்டும் ஏன் அண்ணன் பேரைப் போட்டீங்க?"

லேபிளைப் பற்றிய உண்மை எளிதாகத்தான் வந்தது. இது வரவில்லை. 'நம்பிக்கையான ஆள்' என்று சொல்லிவிடலாம். ஜீவனும் குளிர்ந்து போவான். ஆனால் பொய்யை ஒருமுறை அவனிடம் சொல்லியாகிவிட்டது. அதையே அரசாங்கக் காகிதத்தில் இன்னொரு முறை எழுத வைப்பதா?

"மாட்டிக்கிட்டா என் பாஸ் போயிடும்னு பயம்" என்றார். "அவன் மாட்டினா… யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்கன்னு."

பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

விஷ்ணுப்ரியா எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, "வேலியும் பலகையும் ரொம்ப ஒழுங்கா இருந்துச்சு, அண்ணே. அதையும் ரிப்போர்ட்ல போட்டிருக்கேன்" என்றாள். ஜீவன் தலையாட்டினான். வெளியே வந்ததும், "நீங்க போங்க மாமா, நான் எல்ஆர்டி ரயில்ல போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தான். சலவைச் சட்டையின் முதுகில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கோயிலுக்கு அபராதம் வந்தது. ரெங்கசாமி கமலநாதனோடு பேசுவதை நிறுத்தினார். கம்பெனியில் பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு, விசாரணை முடியும்வரை உள்ளே உட்கார்ந்து தட்டச்சு செய்யச் சொன்னார்கள். எல்லாம் அவர் பயந்தபடியே நடந்தன. அவை அவரைப் பெரிதாக வருத்தவில்லை. ஜீவன் வீட்டுக்கு வருவது நின்றிருந்தது. சீதாலெட்சுமி தம்பிக்கென்று எடுத்து வைத்த குழம்பை மறுநாள் தானே சுடவைத்துச் சாப்பிட்டாள். அதுதான் தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரே செலாயாங்குக்குப் போனார். கோப்பு இல்லாமல் போனார். கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாசார் ஓய்ந்து, முட்டைக்கோஸ் இலைகள் காலில் மிதிபட்டன. ஜீவன் லோரியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கையில் இருந்த துணி மஞ்சளாக இருந்தது. சுருட்டிப் பிடித்த மடிப்பில் சிவப்பு எழுத்துகள் பாதி தெரிந்தன.

"வாங்க மாமா. சாப்பிட்டீங்களா?" என்றான், எப்போதும்போல. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"ஜீவா, நான் செஞ்சது…"

"அதை விடுங்க மாமா. பாஸ் என்னாச்சு? அக்கா எப்படி இருக்கா?"

"அக்கா இருக்கா. நீ ஏதாவது கேளுடா என்னை. திட்டு. நாலு வார்த்தை திட்டு."

ஜீவன் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு பூச்சியைத் தேய்த்து எடுத்தான். துணியை உதறி மறுபக்கமாக மடித்தான்.

"மாட்டிக்கிட்டா என் பாஸ் போயிடும், உன் பேரைப் போட்டுக்கவாடான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, போட்டுக்குங்க மாமான்னு சொல்லியிருப்பேன்" என்றான். "சத்தியமாச் சொல்றேன், அதே கையெழுத்தைத்தான் போட்டிருப்பேன். எனக்கு யாரு இருக்கா, நீங்களும் அக்காவும்தானே? ஆனா, நம்பிக் குடுக்கிறேன்னு எதுக்கு மாமா சொன்னீங்க?"

ஜீவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அந்தத் துணியை வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, கண்ணாடியின் மறுபாதியைத் துடைக்கத் தொடங்கினான்.